காயமற்ற முதுமை

கடல் வந்து போன பிறகு எங்கள் பக்கத்துக்கு வலை வந்தது, தோணி வந்தது, தையல் இயந்திரம் வந்தது, குளிர்தேசத்துக் கம்பளிச் சட்டைகூட ஒரு பெட்டி வந்தது. சண்டை முடிந்த பிறகு பயிற்சிச் செயலமர்வு வந்தது. கோழி வளர்ப்பு, காளான் வளர்ப்பு, தலைமைத்துவ வளர்ப்பு என்று மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் வளர்க்கக்கூடிய அனைத்தையும் வளர்த்து முடித்தார்கள். கடைசியில், இனி வளரவே முடியாத ஒரு கூட்டம் எவருடைய கையும் படாமல் மிஞ்சிக் கிடப்பதை ஒரு நிறுவனம் கண்டுபிடித்தது. கிழடுகள்.

நிறுவனத்தின் பெயர் முதுமை மேம்பாட்டு மையம். திட்டத்தின் பெயர் ‘காயமற்ற முதுமை’. நோக்கம் எளிமையானது. முதியோர் உடற்பயிற்சி செய்ய வேண்டும். செய்யும்போது விழக்கூடாது, சுளுக்கக்கூடாது, முறியக்கூடாது. முப்பது வருஷத்து ஷெல்லுக்கும் ஒரு காலைப்பொழுதுக் கடலுக்கும் தப்பிய மனிதன், கடைசியில் குனிந்து நிமிரும்போது இடுப்புப் பிடித்துச் செத்தால் நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய தலைக்குனிவு.

திட்ட இணைப்பாளர் ஜெயரூபன் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாவிக்கரை வீட்டுத்திட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முதலில் அகப்பட்டவர் ஹியூபர்ட். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். கடற்கரையில் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோனதால், நன்கொடையாகக் கிடைத்த வீட்டில் மனைவி தெல்மாவோடு இருந்தார். ஜெயரூபன் வந்த நேரம் அவர் கூரையில் இருந்தார். ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்.

“ஐயா, இறங்குங்க. உங்கட பாதுகாப்பைப் பற்றிக் கதைக்கணும்.”

ஹியூபர்ட் இறங்கினார். ஏணி இருந்தது; அவர் மதிலால் இறங்கினார்.

“கடைசியா எப்ப ஐயா விழுந்தீங்க?”

“ரெண்டாயிரத்து நாலு. கிறிஸ்மஸுக்கு மறுநாள். கடல் தள்ளினது.”

“அந்த நேரம் உடற்பயிற்சி ஏதும் செய்துகொண்டிருந்தீங்களா?”

“இல்ல மகன். தேத்தண்ணி குடிச்சிக்கொண்டிருந்தன். மறுகாதான் செய்தன். தென்னையில ஏறினன்.”

“ஏற முதல் உடம்பைச் சூடாக்கினீங்களா? கை காலை ஆட்டி, மெதுவா?”

“நேரம் கிடைக்கல்ல.”

ஜெயரூபன் உச்சுக்கொட்டினார். அதற்கு முந்திய விழுகை எப்போது என்று கேட்டார். எண்பத்தேழில், பஸ்ஸுக்கு அடியில், வெடிச் சத்தத்துக்கு என்று பதில் வந்தது. அதற்கு முந்தியது எண்பத்தைந்தில், அதே காரணம்.

“அப்ப நீங்க அடிக்கடி விழுற ஆள்,” என்றார் ஜெயரூபன் கவலையோடு. “உயர் ஆபத்துப் பிரிவு.”

“அவர் தானா விழல்ல,” என்றாள் உள்ளேயிருந்து தெல்மா. “ஆக்கள் விழுத்தினவங்க.”

“காரணம் முக்கியமில்ல அம்மா. விழுந்ததுதான் முக்கியம்.”

ஹியூபர்ட் இதையெல்லாம் சிரித்துக்கொண்டு தாண்டிப் போயிருப்பார். தாண்ட முடியாதபடி ஒரு கலியாணம் குறுக்கே நின்றது. அவருடைய பேத்தி கிம்முக்கும் பிறையனுக்கும் தை மாதம் நாள் குறித்திருந்தார்கள். கிம்மின் தாய் எறிக்காவையும் தகப்பனையும் கடல் கொண்டுபோன பிறகு அந்தப் பிள்ளையை வளர்த்தது இந்த இரண்டு கிழங்களும்தான்; அவரை அவள் பப்பா என்றே கூப்பிடுவாள். அவர்கள் வீட்டுக் கலியாணத்தில் ஒரு முறை உண்டு. வயலினும் றபான் மேளமும் தொடங்கியதும் பெண் வீட்டின் மூத்த சோடி முதலில் இறங்கி கபரிஞ்ஞா ஆட வேண்டும். அவர்கள் இறங்காமல் வேறு எவர் காலும் தரையில் அசையாது; மாப்பிள்ளை பெண்ணின் கால்கூட. ஹியூபர்ட் தன் மகள் எறிக்காவின் கலியாணத்தில் தன் தகப்பன் ஆடியதைப் பார்த்தவர். கிம்மின் கலியாணத்தில் ஆடுவதற்காகவே அவர் தென்னையிலிருந்து இறங்கி வந்தார் என்று தெல்மா சொல்லுவாள்.

வீட்டுத்திட்டத்தில் இருந்த ஒரே மண்டபத்தின் பூட்டும் திறப்பும் மையத்திடம் இருந்தன. மண்டபத்தைக் கட்டியது எங்கோ ஒரு நாட்டின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சேர்த்த காசு, நிர்வகிப்பது மையம். ஹியூபர்ட் திறப்புக் கேட்டுப் போனபோது ஜெயரூபன் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். அறுபது வயதைத் தாண்டியோர் உரிய சான்றிதழின்றி இம்மண்டபத்துள் உடல் அசைவுகளில் ஈடுபடலாகாது.

“அப்ப நான் இஞ்ச எப்படி உள்ள வந்த?” என்று கேட்டார் ஹியூபர்ட்.

“நடந்து வந்தீங்க. நடை அசைவுக்குள்ள வராது ஐயா. அது போக்குவரத்து.”

“ஆட்டம்?”

“அது உடற்பயிற்சி. வேகமான உடற்பயிற்சி. சான்றிதழ் எடுத்தா ஆடலாம். பயிற்சிக்கு வாங்க, ஒரு செலவுமில்ல, பிஸ்கட்டும் தேத்தண்ணியும் தருவம்.”

இப்படியாக ஐம்பது வருஷம் ஆடிய மனிதர் ஆடுவதற்கு அனுமதி பெறப் போய்ச் சேர்ந்தார்.

தொடக்க விழாவுக்கு மையத்தின் தலைவர் நல்லரத்தினம் வந்தார். அவருக்கு வயது எழுபத்துநான்கு. ஆனால் மையத்தின் யாப்பு விதிகளின்படி முதியோர் என்பவர் திட்டத்தால் பயன்பெறுபவர். தலைவர் பயன் வழங்குபவர். ஆகவே அவர் முதியவர் அல்ல. கதிரைகள் எல்லாம் பயன் வழங்குவோருக்குப் போதுமாக இருந்தன. பயன்பெறுவோர் நின்றார்கள்.

“அன்பான முதியோரே,” என்று தலைவர் தொடங்கினார். “நீங்கள் விழ நாங்கள் அனுமதிக்க மாட்டோம். ஏனெனில் நீங்கள் விழும்போது நீங்கள் மட்டுமா விழுகிறீர்கள்? எமது அடுத்த ஆண்டுத் திட்டமும் அல்லவா விழுகிறது? ஒவ்வொரு இடுப்பெலும்பிலும் ஒரு நன்கொடையாளரின் நம்பிக்கை தங்கியிருக்கிறது. உங்களுடைய முழங்கால் உங்களுடையது என்று எண்ணும் பழைய மனப்பான்மையை இன்றோடு கைவிடுங்கள். அது எங்கள் எல்லோருடையதும்.”

தை மாதத்துக்கு முந்திய மழைக்காலம் பின்வாங்கி, அன்றைக்கு வெய்யில் கொதித்தது. பேச்சு மதியம் வரை போனது. பன்குடாவெளிப் பக்கத்திலிருந்து வந்த அன்னப்பூரணி தலை சுற்றி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

“பாருங்கள்,” என்றார் தலைவர், கை நீட்டி. “இதற்காகத்தான் இந்தத் திட்டம்.”

எல்லாரும் கைதட்டினார்கள். அன்னப்பூரணிக்கு ஒருவரும் தண்ணீர் கொடுக்கவில்லை. நீர் அருந்துதல் மூன்றாவது வாரத்துப் பாடம்.

பயிற்சிக் கைநூல் எங்கோ பனி கொட்டும் தேசத்தில் எழுதப்பட்டு, கொழும்பில் தமிழாக்கப்பட்டது. உறைந்த படிக்கட்டில் இறங்குவது எப்படி, பனிக்குவியலை முதுகு நோகாமல் அள்ளுவது எப்படி என்று அதில் படங்களோடு இருந்தன. ஜெயரூபன் மனச்சாட்சி உள்ள பிள்ளை. ஒரு பக்கத்தையும் தாண்டிப் போகவில்லை. பனி அள்ளும் பாடத்துக்கு வாவிக்கரை மணலைக் கொண்டுவந்து கொட்டி, முதியோரைக்கொண்டு மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அள்ளுவித்தார்.

கைநூலின் இரண்டாம் அத்தியாயம் பாதங்களைச் சூடாக வைத்திருக்கச் சொன்னது. ஆகவே ஆளுக்கு ஒரு சோடி கம்பளிக் காலுறை. மண்டபத்தின் தரையோ முகம் பார்க்கலாம் போன்ற மாபிள். காத்தான்குடியிலிருந்து வான் வண்டியில் வந்த ஆசியா உம்மா காலுறையை மாட்டிக்கொண்டு எழும்பினா. அவ்வளவுதான் அவ செய்தது. மிச்சத்தைத் தரை செய்தது. வாசலடியில் நின்ற அவ மேடையடியில் போய் நின்றா; நடுவில் ஒரு அடியும் எடுத்து வைக்கவில்லை. மேடைப் படியைப் பிடித்ததில் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

“அல்லாஹ்வே. மகன், இது காலுறையா சறுக்குப் பலகையா?”

ஜெயரூபனின் முகம் வெளிறியது. தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார். தலைவர் விபரம் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார்: உடலைச் சூடாக்கும் பகுதி முடியாதபடியால் பயிற்சி சட்டப்படி தொடங்கவில்லை. தொடங்காத பயிற்சியில் காயம் ஏற்படாது. ஆகவே ஏற்பட்டது காயம் அல்ல.

“அப்ப இது ஏன் நோகுது?” என்று கேட்டா ஆசியா உம்மா, கையைத் தூக்கிக் காட்டி.

“அது உங்கட சொந்த விசயம் உம்மா.”

அதன் பிறகு பாதுகாப்பு படிப்படியாக இறுகியது. நின்று செய்யும் பயிற்சிகள் ஆபத்தானவை என்று நிறுத்தப்பட்டன. எல்லாரும் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கையைத் தூக்கினார்கள். ஒரு கதிரையின் கால் விரிந்து அன்னப்பூரணி மெல்லமாகத் தரைக்கு வந்தாள். எனவே கதிரையும் நிறுத்தப்பட்டது. பாயில் படுத்துச் செய்தார்கள். படுத்தவர்களில் சிலருக்கு எழும்ப ஏலாமல் போனது. எழும்புவதுதான் ஆபத்தின் வேர் என்று மையத்தின் கூட்டமொன்றில் கண்டறிந்தார்கள். கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு புதிய முறை வந்தது. முதியோர் பாயில் மல்லாந்து, கண்ணை மூடி, உடற்பயிற்சி செய்வதாக நினைத்துக்கொள்ள வேண்டும். இந்த முறையில் ஒரு காயமும் இல்லை. மையம் முழுக்க மகிழ்ச்சி நிலவியது.

ஜெயரூபன் பாய்களுக்கு நடுவே மெதுவாக நடந்து கண்காணித்தார். ஹியூபர்ட்டின் நெற்றியில் வேர்வை.

“ஐயா, மனசில என்ன செய்றீங்க?”

“ஆடுறன்.”

“என்ன ஆட்டம்?”

“கபரிஞ்ஞா.”

“கொஞ்சம் மெதுவா ஆடுங்க ஐயா. மனசிலயும் மூச்சு வாங்கும்.”

“நான் மெதுவாத்தான் ஆடுறன் மகன். தெல்மாவும் அங்க நிக்கிறா. அவ மெதுவா ஆட மாட்டா.”

“அவவ இருக்கச் சொல்லுங்க. அவ பதிவு செய்யல்ல.”

பக்கத்துப் பாயில் அன்னப்பூரணி கண்ணை மூடியபடியே சொன்னாள்: “தம்பி, நான் மனசில ஊட்டுக்குப் போயிட்டன். பிஸ்கட்டைக் கொண்டந்து தாங்க.”

இது வரைக்கும் சிரிக்கலாம். சிரிக்க முடியாத ஒன்று ஹியூபர்ட்டுக்கு வீட்டில் நடந்துகொண்டிருந்தது. தெல்மாதான் அதைக் கண்டாள். மனிதர் வாசற்படியில் பக்கவாட்டாக இறங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு குளிக்கப் போனார். சைக்கிளைத் துடைத்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கூரையில் பாதி ஓடு மாற்றியபடி கிடந்தது.

“உங்களுக்கு என்ன நடந்த, ஹியூபர்ட்?”

“விழுந்தா இடுப்பெலும்பு உடையும் தெல்மா. நம்மட வயசில உடைஞ்சா ஒட்டாதாம். படுத்த படுக்கைதானாம். படம் போட்டுக் காட்டினவங்க.”

“கடல் அடிச்சி மதிலோட மோதினீங்களே. அப்ப உடைஞ்சதா?”

“அப்ப எனக்குத் தெரியாதே.”

 அன்றைக்கு மீன் ஆணம் உப்புக் கூடிப்போனது.

சான்றிதழ் வழங்கும் பரீட்சையில் ஹியூபர்ட் முதலாவதாக வந்தார். எட்டு வாரத்தில் அவர் அளவுக்கு அசையாமல் இருந்தவர் எவரும் இல்லை. ஆடுவதற்கு எழுத்தில் அனுமதி கிடைத்தது. நிபந்தனைகள் சில உண்டு. இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டுக் கிளம்பக்கூடாது. சுழலக்கூடாது, சுழல வேண்டியே வந்தால் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். ஆட்டம் முழுவதும் திட்ட இணைப்பாளர் ஒரு கதிரையோடு பின்னால் வருவார், விழ எண்ணினால் அதில் விழலாம்.

“என்ட கலியாணத்தில பப்பாவுக்குப் பின்னால கதிரை தூக்கிக்கொண்டு ஒராள் ஆடுறதா?” என்று கேட்டாள் கிம்.

“ஆட மாட்டன் தங்கச்சி,” என்றார் ஜெயரூபன். “சும்மா பின்தொடருவன்.”

கலியாண நாள் வந்தது. தேவாலயத்திலிருந்து எல்லாரும் மண்டபத்துக்கு வந்தார்கள். மண்டபம் தந்தவர் என்பதால் நல்லரத்தினம் பிரதம விருந்தினர். கேக் வெட்டுவதற்கு முன் அவர் பேசினார். “இன்று இந்த மணமக்கள் இணைகிறார்கள். அதைவிட முக்கியமாக, இன்று ஒரு பயன்பெறுநர் ஆடப்போகிறார். அவர் விழ மாட்டார். அவர் விழாமல் ஆடுவது அவருடைய திறமை அல்ல, எங்களுடைய முகாமைத்துவம்.” படம் பிடிக்கிறவரை அவர் தன்னோடு கூட்டி வந்திருந்தார்.

வயலின் தொடங்கியது. றபானில் கை விழுந்தது. சனம் சுவரோரமாக ஒதுங்கி நடுவில் இடம் விட்டது. தெல்மா நீலச் சட்டையில் நடுவில் வந்து நின்று கையை நீட்டினாள். ஹியூபர்ட் எழும்பினார். அவருக்குப் பின்னால் ஜெயரூபன் கதிரையோடு நின்றார்.

ஹியூபர்ட் தெல்மாவைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். தரை பளபளத்தது. பாட்டு ஒரு சுற்று முடிந்து மறு சுற்றுக்கு வந்தது. அவர் கால் கிளம்பவில்லை.

“வாங்க,” என்றாள் தெல்மா மெதுவாக.

“வாறன். கொஞ்சம் பொறு.”

மறு சுற்றும் முடிந்தது. வயலின்காரர் தெல்மாவைப் பார்த்து, நிறுத்தட்டா என்று கண்ணால் கேட்டார். கிம் வெள்ளைக் கவுனைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றாள். முறை முறைதான், மூத்த சோடி இறங்காமல் அவள் இறங்க முடியாது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பப்பாவின் காலையே பார்த்தாள். இப்போது மண்டபம் முழுக்க அந்தக் காலைத்தான் பார்த்தது.

“ஏலாது தெல்மா,” என்றார் ஹியூபர்ட். “கால் வருகுதில்ல.”

தெல்மா கையை இறக்கவில்லை. நீட்டிய கையை அப்படியே பக்கவாட்டில் திருப்பினாள்.

“சேர்மன் ஐயா, வாங்க.”

நல்லரத்தினம் பின்னால் திரும்பி, வேறு தலைவர் எவரும் நிற்கிறாரா என்று பார்த்தார்.

“எனக்கு இதெல்லாம்...”

“நீங்க வயசாளி இல்லத்தானே? பலகை உங்களுக்கில்ல. மூத்த சோடியில ஒராளாவது நான் இரிக்கன். வாங்க.”

சனம் சிரித்தது. ஆசியா உம்மா சுகமான கையால் வாயைப் பொத்திக்கொண்டா. படம் பிடிக்கிறவர் கமராவைத் தூக்கிவிட்டார். கமரா தூக்கப்பட்ட இடத்தில் தலைவர் ஒருநாளும் பின்வாங்கியது கிடையாது. வந்தார். தெல்மாவின் கையைப் பிடித்தார். அநியாயம் சொல்லக்கூடாது, முதல் சுற்றை அவர் ஒருமாதிரி ஆடினார். றபான் வேகம் பிடித்தது. சுழலும் இடம் வந்தது. சுழலும்போது சோடியின் கண்ணைப் பார்க்க வேண்டும். தலைவர் கமராவைப் பார்த்தார். உடம்பு ஒரு பக்கமும் சப்பாத்து ஒரு பக்கமும் போனது. மையத்தின் தலைவர் மையத்தின் தரையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார்.

தெல்மாவின் கை வெறுமையாக அந்தரத்தில் நின்றது. வயலின் நிற்கவில்லை.

ஆட்டத்தின் நடுவில் அவள் கை வெறுமையாக நிற்பதை ஹியூபர்ட் வாழ்நாளில் கண்டதில்லை. கண்டதும் அவருக்கு ஒன்றும் நினைக்க நேரம் இருக்கவில்லை. தலைவரைச் சுற்றிப் போகவும் நேரம் இருக்கவில்லை. அவர் தலைவரைத் தாண்டிப் பாய்ந்தார். இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டுக் கிளம்பின. முன்னறிவித்தல் எதுவும் இருக்கவில்லை. அடுத்த தாளத்துக்கு அவர் கை தெல்மாவின் கையில் இருந்தது.

“பிந்தி வாறீங்க மென்,” என்றாள் தெல்மா.

“சேர்மன் வழியில கிடந்தார்.”

ஜெயரூபன் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். ஒரு சுற்று ஓடினார், இரண்டு சுற்று ஓடினார், மூச்சு வாங்கித் தானே அதில் இருந்துவிட்டார். கிம்மும் பிறையனும் இறங்கினார்கள். பிறகு சனம் எல்லாம் இறங்கியது. தலைவரை இரண்டு பேர் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள்.

“சேர், இதை விபத்தெண்டு எடுக்கிறதா?” என்று ஜெயரூபன் காதில் கேட்டார்.

“எப்படி எடுப்பது?” என்றார் தலைவர், வேதனையிலும் இலக்கணம் பிசகாமல். “விழுந்தவர் முதியவர் அல்லர்.”

மறுநாள் காலை ஹியூபர்ட்டால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. வலது முழங்கால் விளாங்காய் போல வீங்கியிருந்தது. தெல்மா எண்ணெய் போட்டாள், துணி சுற்றினாள், ஏசினாள். வீட்டுத்திட்டம் முழுக்கச் செய்தி பரவியது. ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். அன்னப்பூரணி பஸ் ஏறி வந்தாள்.

“நல்லா நோகுதா?”

“நல்லா நோகுது,” என்றார் ஹியூபர்ட், கலியாண வீட்டுக்காரர் பலகாரத் தட்டை நீட்டுவதுபோல முழங்காலை நீட்டி. “அமத்திப் பாருங்க.”

அன்னப்பூரணி அமத்திப் பார்த்து, திருப்தியோடு தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் ஜெயரூபன் கமராவோடு வந்தார். நன்கொடையாளருக்கு அனுப்பும் ஆண்டு மலரின் அட்டைக்குப் பாதுகாப்பாக ஆடி முடித்த முதியவர் ஒருவரின் சிரித்த முகம் தேவைப்பட்டது. ஹியூபர்ட் வாசலில் கதிரை போட்டு இருந்தார். தலை சீவிக்கொண்டார். சிரிக்கச் சொன்னதும் சிரித்தார். ஜெயரூபன் கமராவுக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஐயா, களிசானைக் கொஞ்சம் கீழ இறக்கி விடுங்க. முழங்கால் தெரியுது.”

ஹியூபர்ட் குனிந்தார். களிசானை இன்னும் ஒரு மடிப்பு மேலே சுருட்டினார்.

“எடுங்க மகன்,” என்றார். “ஆடினது இதுதான்.”